மோகனத்தில் ஒரு மாதம்: கர்நாடக இசை கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு

கர்நாடக இசையை எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம் என்று யாராவது கேட்டால், நான் ஒரு ராகத்தின் பெயரைத்தான் சொல்வேன்: மோகனம். ஒரு மாதம் அதை மட்டும் கேளுங்கள். ராகப் பட்டியல், 72 தாய் ராகங்களைக் காட்டும் மேளகர்த்தா அட்டவணை, தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி என்ற மும்மூர்த்திகளின் வரலாறு எல்லாம் காத்திருக்கட்டும்.

முப்பது வயதுக்கு மேல்தான் நான் கேட்கத் தொடங்கினேன். வீட்டில் யாரும் பாட்டுக் கற்றவர்கள் இல்லை. ஆர்வம் வந்ததும் ஒரு புத்தகத்தை வாங்கி மேளகர்த்தா பெயர்களை மனப்பாடம் செய்தேன். பிறகு ஒரு கச்சேரிக்குப் போனேன். இரண்டரை மணி நேரத்தில் ஒன்பது பாட்டுகள், ஒன்பது ராகங்கள். வெளியே வந்தபோது ஒன்றுகூட மனதில் தங்கவில்லை. இது நமக்கானது இல்லை என்று ஒரு வருடம் விலகியே இருந்தேன்.

மறுபடி உள்ளே வந்தது கும்பகோணம் பக்கத்தில் ஒரு கல்யாணத்தில். நாகசுரம் வாசித்த பெரியவர் சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் என் குறையைச் சொன்னேன். "தம்பி, உங்க தெருவுல இருக்கிறவங்கள எப்படி அடையாளம் தெரிஞ்சுக்கிட்டீங்க? ரேசன் கார்டு பாத்தா? தினம் பாத்துப் பாத்துத்தானே? ராகமும் அப்படித்தான். ஒண்ண மட்டும் புடிச்சுக்கிட்டுத் தினம் கேளுங்க" என்றார். எந்த ராகம் என்று கேட்டேன். யோசிக்காமல் மோகனம் என்றார். கீழே நான் எழுதியிருப்பது அந்த ஒரு வரியைப் பின்பற்றிப் போன வழிதான்.

உங்களுக்கு ஏற்கெனவே ராகம் தெரியும்

முதலில் ஒரு சோதனை. 1977இல் வந்த 'கவிக்குயில்' படத்தில் பாலமுரளிகிருஷ்ணா பாடிய 'சின்னக்கண்ணன் அழைக்கிறான்' பாட்டைக் கேளுங்கள். உடனே 2008இல் வந்த 'சுப்ரமணியபுரம்' படத்தின் 'கண்கள் இரண்டால்' பாட்டையும் கேளுங்கள். மெட்டு வேறு, தாளக்கட்டு வேறு, இசையமைப்பாளர் வேறு. ஆனாலும் இரண்டுக்கும் ஒரே சாயல் இருப்பது காதுக்குத் தட்டுப்படும். அக்கா தங்கையின் முகச்சாயல் மாதிரி. அந்தச் சாயலின் பெயர் ரீதிகௌளை. பெயர் தெரியாமலே நீங்கள் பல வருடங்களாக அதை அறிந்திருக்கிறீர்கள். இனிச் செய்ய வேண்டியது, அறிந்ததைப் பெயரோடு சேர்த்துக்கொள்வது மட்டுமே.

மோகனத்துக்கு முன் சுருதி

கச்சேரி தொடங்குமுன், அடிநாதம் தரும் தந்தி வாத்தியமான தம்புரா மட்டும் ஒலிக்கும் அந்த அரை நிமிடத்தைப் பெரும்பாலானவர்கள் 'இன்னும் ஆரம்பிக்கவில்லை' என்று நினைத்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். எனக்கு அதுதான் ஆரம்பம். தம்புராவின் நான்கு தந்திகளில் ஒன்று பஞ்சமம், மற்ற மூன்றும் ஷட்ஜம். அதாவது ப, ஸ. இந்த அடிநாதம்தான் சுருதி. பாடுகிறவர் எவ்வளவு தூரம் போனாலும் திரும்பி வந்து சேரும் வீடு அந்த ஸ.

கைபேசியில் சுருதிப்பெட்டிச் செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். இலவசமாகவே கிடைக்கின்றன. தினம் இரண்டு நிமிடம் அதை ஓடவிட்டு, வாயை மூடிக்கொண்டே 'ம்ம்' என்று ஷட்ஜத்தோடு சேர்ந்து முனகுங்கள். எந்தச் சுருதியில் வைப்பது என்று குழம்ப வேண்டாம். சுருதியின் உயரத்தைக் கட்டை என்று எண்ணால் சொல்வார்கள். ஆண்கள் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு கட்டையிலும் பெண்கள் ஐந்து, ஐந்தரைக் கட்டையிலும் பாடுவார்கள். உங்கள் தொண்டைக்கு எது சிரமமில்லாமல் வருகிறதோ அதுவே போதும். குரல் நன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை, யாரும் கேட்கப் போவதில்லை. இப்படிப் பத்து நாள் செய்தால், ஒரு பாட்டின் நடுவில் எங்கே நிறுத்தினாலும் 'ஸ இங்கே இருக்கிறது' என்று உங்களால் முனகிக் காட்ட முடியும். இந்த ஒன்றைச் செய்யாமல் வருடக்கணக்கில் கேட்பவர்கள் உண்டு. அவர்கள் பாட்டை ரசிப்பார்கள், ஆனால் ராகத்தின் ஏக்கமும் நிம்மதியும் எங்கிருந்து வருகின்றன என்பது பிடிபடாது. ஏக்கம் என்பது ஸ-வை விட்டு விலகி நிற்பது. நிம்மதி என்பது வந்து சேர்வது.

முதல் வாரம்: வர்ணம்

மோகனத்தில் ஐந்தே ஸ்வரங்கள்: ஸ ரி க ப த. ம-வும் நி-யும் கிடையாது. ஏறும்போதும் இறங்கும்போதும் அதே ஐந்து, நேர்வரிசையில். சிலப்பதிகாரக் காலத்து முல்லைப்பண்ணே இன்றைய மோகனம் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. தமிழ்க்காதுக்கு இது இவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொள்வதைப் பார்த்தால் எனக்கும் அதை நம்பத் தோன்றும்.

'நின்னுகோரி' என்று தொடங்கும் மோகன வர்ணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்கார் இயற்றியது, ஆதி தாளம். 'அக்னி நட்சத்திரம்' படத்தில் வரும் 'நின்னுக்கோரி வர்ணம்' பாட்டு இதிலிருந்து கிளைத்ததுதான் என்பதால் முதல் வரி உங்களுக்குப் பழகியதாகவே இருக்கும். வர்ணத்தில் சொற்கள் குறைவு, ஒவ்வொரு எழுத்தும் நீண்டு வளைந்து போகும். ஒரு ராகத்தை அடையாளம் காட்டும் முக்கியமான ஸ்வரக் கோவைகள், அதாவது பிடிகள் எல்லாம் அதற்குள் அடங்கியிருக்கும். அதனால்தான் கற்பவர்களுக்கு அதைச் சொல்லித் தருகிறார்கள், கச்சேரியையும் அதில் தொடங்குகிறார்கள்.

ஒரே ஒலிப்பதிவைத் தேர்ந்தெடுத்து ஏழு நாளும் அதையே கேளுங்கள். முதல் முறை கேட்கும்போது வேறு வேலை எதுவும் வேண்டாம். மூன்றாம் நாளுக்குப் பிறகு சமைத்துக்கொண்டோ பேருந்தில் போய்க்கொண்டோ கேட்கலாம். ஐந்தாம் நாள் காலையில் பல் துலக்கும்போது அது தானாக நாக்கில் வந்தால் முதல் வாரம் முடிந்தது. வரவில்லையென்றால் இன்னொரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள், அவசரம் ஒன்றுமில்லை.

இரண்டாம் வாரம்: படுத்திருப்பவரும் நடந்து வந்தவரும்

இந்த வாரம் இரண்டு பாட்டுகள். எனக்கு மிகப் பிடித்த ஜோடி.

முதலாவது, அருணாசலக் கவிராயரின் 'ஏன் பள்ளி கொண்டீர் ஐயா'. ஸ்ரீரங்கநாதரைப் பார்த்து, ஏன் இப்படிப் படுத்துவிட்டீர் என்று கேட்கிறது பாட்டு. ராமனாக வந்து விசுவாமித்திரர் பின்னால் நடந்தீரே, அரக்கியின் மேல் அம்பு தொடுத்தீரே, அந்தக் களைப்பா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போகும். இரண்டாவது, தியாகராஜரின் 'நன்னு பாலிம்ப'. தெலுங்கு. 'என்னைக் காப்பாற்ற நடந்தே வந்தாயோ' என்பது பல்லவியின் பொருள். ஒருவர் படுத்திருக்கும் பெருமாளிடம் களைப்பை விசாரிக்கிறார், இன்னொருவர் வாசலுக்கே நடந்து வந்துவிட்ட ராமனைப் பார்த்து நெகிழ்கிறார். இரண்டும் மோகனம். ஒரே ஐந்து ஸ்வரங்கள் விசாரிப்பாகவும் நெகிழ்ச்சியாகவும் மாறுவதை அடுத்தடுத்துக் கேட்டால்தான் ராகம் என்பது வெறும் மெட்டு இல்லை என்று புரியும். எனக்கு அப்படிக் கேட்ட அன்றுதான் புரிந்தது.

கீர்த்தனையின் அமைப்பு எளிது: பல்லவி, அனுபல்லவி, சரணம். கவனிக்க வேண்டியது சங்கதிகளை. பல்லவியின் அதே வரி திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு முறையும் ஒரு வளைவு கூடும், ஒரு படி உயரும். தியாகராஜர் இதில் மன்னர். 'நன்னு பாலிம்ப' பல்லவியை மட்டும் கேட்டு, வரி எத்தனை விதமாக மாறுகிறது என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். கச்சேரி கேட்கத் தெரியாது என்று நினைக்கும் யாரும் இதைச் செய்யலாம்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. புரியாத தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் பாடுகிறார்களே என்று தயங்கிப் பின்வாங்கியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தத் தயக்கம் நியாயமானது. 1940களில் தமிழிசை இயக்கம் எழுந்ததே அந்த ஆதங்கத்தில்தான். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1943இல் தமிழ் இசைச் சங்கத்தைத் தொடங்கினார். ஆகவே தமிழில் தொடங்குங்கள், பஞ்சமே இல்லை. தியாகராஜருக்கு முன்பே சீர்காழி மூவர் எனப்படுபவர்கள் இருந்தார்கள்: முத்துத்தாண்டவர், மாரிமுத்தாப் பிள்ளை, அருணாசலக் கவிராயர். பின்னால் கோபாலகிருஷ்ண பாரதியின் 'சபாபதிக்கு வேறு தெய்வம்' ஆபோகியில் இருக்கிறது, பாபநாசம் சிவனின் 'என்ன தவம் செய்தனை' காபியில், பெரியசாமித் தூரனின் 'முருகா முருகா' சாவேரியில். ஆனால் தெலுங்கை ஒதுக்கிவிடாதீர்கள். மாதம் ஒரு கீர்த்தனையின் பொருளை வரிவரியாகத் தெரிந்துகொண்டு கேட்டால், ஒரு வருடத்தில் பன்னிரண்டு பாட்டுகள் உங்களுக்குச் சொந்தமாகிவிடும்.

கை சும்மா இருக்க வேண்டாம்

இந்த வாரத்திலேயே ஆதி தாளம் போடப் பழகுங்கள். தொடையில் உள்ளங்கையால் ஒரு தட்டு. பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். மறுபடி தட்டு, கையைத் திருப்பி ஒரு வீச்சு. இன்னொரு தட்டு, இன்னொரு வீச்சு. மொத்தம் எட்டு. சினிமாப் பாட்டுக்கு விரல் தாளமிடும் எவருக்கும் இது அரை மணி நேரத்தில் வந்துவிடும். பாட்டு முதல் தட்டிலேயே தொடங்காமல் கொஞ்சம் தள்ளித் தொடங்கலாம். அந்த இடத்துக்கு எடுப்பு என்று பெயர். அது தெரியாமல்தான் பலர் 'தாளம் தவறிவிட்டது' என்று கையை எடுத்துவிடுகிறார்கள். எடுக்காதீர்கள், எட்டையும் சீராகப் போட்டுக்கொண்டே இருங்கள்.

ரூபகம், சாப்பு வகைகள் போன்ற மற்ற தாளங்கள் பிறகு வரட்டும். மிச்ர சாப்புக்கு எண்ணிக்கை ஏழு, 'தகிட தகதிமி'. கண்ட சாப்பு ஐந்து, 'தக தகிட'. இப்போதைக்கு இவ்வளவு போதும்.

மூன்றாம் வாரம்: சொல்லே இல்லாத பாட்டு

ஆலாபனையில்தான் புதியவர்கள் பெரும்பாலும் கழன்றுகொள்கிறார்கள். வார்த்தை இல்லை, தாளம் இல்லை, 'ததரின' என்று இருபது நிமிடம் போகிறது. எங்கே பிடித்துக்கொள்வது?

பாடகர் எங்கே நிற்கிறார் என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆலாபனை ஒரு வீட்டை அறை அறையாகத் திறந்து காட்டுவது மாதிரி நடக்கும். முதல் இரண்டு மூன்று பிடிகளிலேயே ராகம் யார் என்று சொல்லிவிடுவார்கள். பிறகு மெல்ல மேலேறுவார்கள். மோகனத்தில் காந்தாரத்தில், அதாவது க-வில் நின்று அதைச் சுற்றிச் சுற்றி வருவதைக் கேட்கலாம். அங்கிருந்து பஞ்சமம், தைவதம், அதாவது ப, த. மேல் ஷட்ஜத்தைத் தொடுமுன் ஒரு காத்திருப்பு இருக்கும். தொட்டதும் அரங்கில் ஒரு 'ஆகா' எழும். அதற்கும் மேலே போய், பிருகா என்னும் வேகமான ஸ்வர ஓட்டங்களாக உதிர்ந்து, கீழே வந்து ஸ-வில் சேர்வார்கள். பிறகு வயலின்காரர் அதே வீட்டைத் தன் வழியில் திறந்து காட்டுவார்.

கேட்கும்போது உங்கள் ஸ-வை மனதுக்குள் முனகிக்கொண்டே இருங்கள். சுருதியோடு முனகிய பயிற்சி இங்கேதான் பலன் தரும். குரலோடு ஒட்டவில்லை என்றால் வாத்தியத்தில் தொடங்குவதும் நல்ல வழிதான். லால்குடி ஜெயராமனின் வயலின் பாடுகிற மாதிரியே இருக்கும். யு. ஸ்ரீநிவாஸின் மாண்டலினைக் கேட்டு இந்த இசைக்குள் வந்த இளைஞர்கள் ஏராளம்.

நான்காம் வாரம்: மேடையிலேயே பிறப்பது

பாபநாசம் சிவன் மயிலாப்பூர்க் கபாலீஸ்வரர்மேல் மோகனத்தில் பாடிய 'காபாலி'யை மதுரை மணி ஐயர் குரலில் தேடிக் கேளுங்கள். பாபநாசம் சிவன் மயிலாப்பூரில் வாழ்ந்தவர், மார்கழி விடியலில் மாடவீதிகளில் பஜனை பாடிக்கொண்டு போனவர். மணி ஐயரின் கல்பனாஸ்வரங்கள் கணக்கால் மிரட்டாதவை. சர்வலகுவாக, பேச்சு மாதிரி, ஓடை மாதிரி ஓடும். கல்பனாஸ்வரம் என்பது 'ஸரிகபத' என்று ஸ்வரப் பெயர்களையே சொல்லி அந்த நிமிடத்தில் கட்டிப் பாடுவது. ஒவ்வொரு சுற்றும் பாட்டின் ஒரு குறிப்பிட்ட சொல்லில் வந்து முடியும். அந்தச் சொல் எது என்று கண்டுபிடியுங்கள். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் அவர் அங்கே எப்படி வந்து சேர்கிறார் என்று பாருங்கள்.

நிரவல் இன்னும் அழகு. ஒரே வரியை, அதன் சொற்கள் தாளத்தில் விழும் இடம் மாறாமல், மெட்டை மட்டும் மாற்றி மாற்றிப் பாடுவார்கள். வரியின் பொருள் தெரிந்திருந்தால் நிரவல் உங்களை உருக்கிவிடும். அதனால்தான் தமிழ்ப் பாட்டில் நிரவல் கேட்கும் வாய்ப்பு வந்தால் நான் விடுவதில்லை.

பழைய ஒலிப்பதிவுகளில் இரைச்சல் இருக்கும். இரண்டு நாளில் காது அதை மறந்துவிடும்.

பக்கத்து வீடுகள்

மோகனம் முகம் தெரிந்த ஆளாகிவிட்டதா? இப்போது அதில் ஒரு ஸ்வரத்தை மட்டும் மாற்றுங்கள். த-வை எடுத்துவிட்டு நி-யை வைத்தால் ஹம்ஸத்வனி. முத்துசுவாமி தீட்சிதரின் 'வாதாபி கணபதிம்' அதில்தான். அந்த ராகத்தை உருவாக்கியவரே அவருடைய தந்தை ராமசுவாமி தீட்சிதர். க-வை எடுத்துவிட்டு ம-வை வைத்தால் சுத்த சாவேரி, தியாகராஜரின் 'தாரிணி தெலுசுகொண்டி'. ஒரு ஸ்வரம் மாறியதும் குணமே மாறிவிடுவதை இந்த மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டால் உணரலாம்.

பிறகு ஏழு ஸ்வர ராகங்கள். கல்யாணியில் தொடங்குங்கள். 'மன்னவன் வந்தானடி' பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குக் கல்யாணி புதிதல்ல. அதோடு சங்கராபரணத்தை ஒப்பிட்டுப் பாருங்கள், இரண்டுக்கும் வேறுபாடு ம ஒன்றில்தான். தோடியைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம். அதன் கமகங்கள், அதாவது ஸ்வரங்களின் அசைவுகள், புதுக் காதுக்குக் கலக்கமாக இருக்கும். ஆறு மாதம் கழித்து, டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் நாகசுரத்தில் தோடியைக் கேளுங்கள்.

கச்சேரிக்குப் போகும்போது

சென்னையில் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி தொடக்கம் வரை மார்கழிக் கச்சேரிகள். மியூசிக் அகாடமி, நாரத கான சபா, ஸ்ரீகிருஷ்ண கான சபா, பார்த்தசாரதி சுவாமி சபா என்று ஒரே நாளில் பல இடங்களில் நடக்கும். மாலைக் கச்சேரிக்கு டிக்கெட் வேண்டும். மதியக் கச்சேரிகளுக்குப் பெரும்பாலும் அனுமதி இலவசம். இளம் கலைஞர்கள் உயிரைக் கொடுத்துப் பாடுவார்கள். என் யோசனை: முதல் வருடம் மதியக் கச்சேரிகளுக்கே போங்கள், மேடைக்கு அருகில் உட்கார இடம் கிடைக்கும். பாரி முனையில் ராஜா அண்ணாமலை மன்றத்தில் நடக்கும் தமிழ் இசைச் சங்க விழாவில் முழுக்கத் தமிழ்ப் பாட்டுகளையே கேட்கலாம். தஞ்சைப் பக்கம் இருப்பவர்களுக்குத் திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை, பெரும்பாலும் ஜனவரியில். அவர் மறைந்த திதியான புஷ்ய பகுள பஞ்சமி அன்று காவிரிக் கரையில் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என ஐந்து ராகங்களில் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை எல்லாரும் சேர்ந்து பாடுவதைத் தரையில் உட்கார்ந்து கேட்கலாம். ஊரில் சபா இல்லாதவர்களுக்குக் கோயில் திருவிழா இருக்கிறது. சுவாமி புறப்பாட்டில் கம்பீர நாட்டையில் வாசிக்கும் மல்லாரியை அருகில் நின்று கேட்டிருக்கிறீர்களா?

இன்றைய கச்சேரியின் வரிசையை வகுத்தவர் என்று அரியக்குடி ராமானுஜ ஐயங்காரைச் சொல்வார்கள். மோகன வர்ணம் இயற்றிய பூச்சி ஐயங்காரின் சீடர் அவர். முதலில் வர்ணம், சில சிறு கீர்த்தனைகள், நடுவில் ஆலாபனை நிரவல் ஸ்வரங்களோடு பிரதானப் பாட்டு, அதன் முடிவில் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம், பிறகு துக்கடாக்கள் என்னும் சிறு பாட்டுகள், கடைசியில் மங்களம்.

தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்து காபி குடிக்கப் போகிற வழக்கத்தைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். மிருதங்கக்காரரும் கடம் அல்லது கஞ்சிராக்காரரும் அதுவரை அடுத்தவருக்காக வாசித்தவர்கள். அவர்களுக்கென்று இருப்பது அந்தப் பத்துப் பதினைந்து நிமிடம்தான். தாளத்தைக் கையில் விடாமல் போட்டுக்கொண்டே இருங்கள். இருவரும் மாறி மாறி வாசிப்பார்கள், போகப்போக ஒவ்வொருவர் பங்கும் குறுகும், பிறகு சேர்ந்து வாசிப்பார்கள். கடைசியில் கோர்வை என்னும் முடிவுக் கணக்கு மூன்று முறை வரும். மூன்றாவது முறை அது முடியும் இடத்தில் பாடகர் பாட்டின் வரியைச் சரியாக எடுப்பார். உங்கள் கையும் அந்த இடத்தில் இருந்தால், அந்தச் சந்தோஷத்தை வேறு எதனோடும் ஒப்பிட முடியாது.

ராகம் தெரியாவிட்டால் பாட்டு முடிந்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுவிடுங்கள். "மாமி, இது என்ன ராகம்?" என்று நான் கேட்டதற்கு இதுவரை யாரும் முகம் சுளித்ததில்லை. பெயரோடு, அதே ராகத்தில் இன்னும் இரண்டு பாட்டையும் சொல்லி அனுப்புவார்கள். சின்ன நோட்டு ஒன்று வைத்துக்கொண்டு பாட்டு, ராகம், தாளம் மூன்றையும் எழுதி வையுங்கள். வீட்டுக்கு வந்து அவற்றில் ஒன்றை மட்டும் தேடிக் கேளுங்கள்.

மூன்று மாதம் ஆனதும், முதல் வாரம் கேட்ட அதே மோகன வர்ணத்தை, அதே ஒலிப்பதிவை மறுபடி போடுங்கள். பாடகரை விட்டுவிட்டு, இந்த முறை பின்னால் வரும் வயலினை மட்டும் கேளுங்கள்.